மலைமேல் உரைக்கப்பட்ட நில அறம்: யூதரின் வாரப் பகுதி ஒன்றும் நம் மிகுபொருள் விரும்பாமையும்

பூண்டி என்னும் பெயரைக் கேட்டவுடன் நம்மவர் உள்ளத்தில் தோன்றுவது ஆரணியை அடுத்த பூண்டியும், அங்கு எழுந்தருளியுள்ள பொன்னெழில்நாதர் ஜினாலயமுமே ஆகும். ஆயின் ஈண்டு நாம் பேசப் புகுவது வேறொரு பூண்டியைப் பற்றி. திண்டுக்கல் மாவட்டத்தில், கொடைக்கானலிலிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால், கிளாவரைக்கு முன்னதாக அமைந்துள்ளது பழனி மலைத்தொடரின் பூண்டி. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி அமைத்த வயல்களில் வெள்ளைப்பூண்டும், உருளைக்கிழங்கும், காரட்டும், பீன்சும் பயிராகின்றன. இம்மலைப்பகுதியின் பூண்டு, கொடைக்கானல் மலைப்பூண்டு என்னும் பெயரால் 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

இப்பயிர்களுள் பீன்சு ஒழிந்த மூன்றும் நம் அறநூல்கள் அனந்தகாயம் என்று விலக்கச் சொன்ன பொருள்களே. மண்ணுக்குள் வளர்வனவற்றில் எண்ணிறந்த நுண்ணுயிர்கள் உறைகின்றன என்பது நம் கொள்கை. எனவே நோன்பு ஏற்றோர் அவற்றை என்றும் விலக்குகின்றனர். பிறர் நோன்பு நாட்களிலாவது விலக்குகின்றனர். ஆனால் உண்கலத்தில் விலக்கியதோடு நம் கடமை முடிந்து விடுகின்றதா? அம்மண்ணைப் பற்றியும், அதனை உழுது வாழ்வோரைப் பற்றியும் அறம் கூறுவது யாது? இவ்வினாவுக்கு விடை காண நமக்குத் துணை செய்யும் பகுதி ஒன்று, நாம் எதிர்பாராத இடத்தில், அதாவது யூதர்களின் திருநூலில் உள்ளது. அதன் பெயரே 'மலைமேல்' என்று பொருள்படும். அதனை இவ்விதழில் ஆராய்வோம்.

பிற சமய நூலைப் பயில்வது நமக்குப் புதிதன்று. ஒரு பொருளைப் பல நிலைகளில் நின்று நோக்க வேண்டும் என்பதே அனேகாந்தத்தின் சாரம். ஆயின் அனேகாந்தம் என்பது எல்லாம் ஒன்றே என்று கூறி வேறுபாடுகளை மறைப்பதன்று. ஒற்றுமையை ஒற்றுமையாகவும், வேற்றுமையை வேற்றுமையாகவும் காண்பதே அது. அந்நெறியிலேயே இக்கட்டுரையும் செல்லும்.

வாரந்தோறும் ஒரு பகுதி

யூதர்களின் தலையாய திருநூல் தோரா எனப்படும். அது ஐந்து நூல்களைக் கொண்டது. அவ்வைந்தையும் 54 பகுதிகளாகப் பிரித்து, ஓராண்டில் படித்து முடிக்கும் வகையில் முறை வகுத்துள்ளனர். ஆண்டின் வாரங்கள் குறையுமிடத்துச் சில பகுதிகளை இரண்டிரண்டாக இணைத்துப் படிப்பர். சனிக்கிழமை காலையில் தொழுகைக் கூடத்தில் எழுவர் ஒருவர்பின் ஒருவராக அழைக்கப்பட, அவ்வாரப் பகுதி தோற்சுருளிலிருந்து ஓதப்படும். சுருள் கையால் எழுதப்பட்டது. அதில் உயிரொலிக் குறிகள் இரா. நம் முன்னோர் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது எழுதியதைப் போன்றது அது. எனவே முன்னரே பயின்று வாராதவர் பிழையின்றி ஓத இயலாது. தனித்துப் பயில்வோர் அவ்வாரப் பகுதியை மூலத்தில் இருமுறையும், அரமேய மொழிபெயர்ப்பில் ஒருமுறையும் படித்தல் மரபு.

இதனால் விளையும் பயன் பெரிது. எருசலேமில் உள்ளவரும், நியூயார்க்கில் உள்ளவரும், கொச்சியில் வாழ்ந்தவரும் ஒரு வாரத்தில் ஏறத்தாழ ஒரே பகுதியையே சிந்தித்தனர். நாடிழந்து பல நூற்றாண்டுகள் சிதறி வாழ்ந்த ஒரு சிறு சமுதாயத்தை ஒருங்கு பிணைத்த கயிறுகளுள் இவ்வாரப் படிப்பும் ஒன்றாகும்.

நம் நூல்கள் இல்லறத்தாரின் அன்றாடக் கடமைகள் ஆறனுள் சுவாத்தியாயத்தையும் ஒன்றாக வைத்துள்ளன. அதற்கு ஐந்து உறுப்புகளும் கூறப்பட்டுள்ளன. படித்தல், வினவுதல், உள்ளத்தில் ஆய்தல், பிழையின்றி ஓதுதல், பிறர்க்கு உரைத்தல் என்பன அவை. யூதரின் வாரப் படிப்பிலும் இவ்வைந்தும் அமைந்திருத்தலைக் காணலாம். நாமோ பெரும்பாலும் ஓதுதல் ஒன்றனோடு நின்றுவிடுகிறோம். வினவுதலும் ஆய்தலும் நம் இல்லங்களில் அருகி வருகின்றன. இக்கட்டுரையின் இறுதியில் வினாக்கள் சிலவற்றை அமைத்திருப்பது இக்குறை கருதியே.

யூதர்கள் தமிழகத்துக்கும் அதனை அடுத்த நிலத்துக்கும் அயலவரல்லர். கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கி வட்டெழுத்தில் செப்பேடு அளித்தான். கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசித் தொழுகைக் கூடம் 1568இல் கட்டப்பட்டது. கொச்சி யூதர் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேல் நாட்டுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் நெகேவ் வறண்ட நிலத்தில் நெவாத்திம் என்னும் ஊரில் வேளாண் குடிகளாக வாழத் தொடங்கினர். கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலுக்கு இஸ்ரேல் நாட்டு இளைஞர்கள், தம் கட்டாய இராணுவப் பணி முடித்தபின் வந்து தங்கிச் செல்லும் வழக்கத்தையும் பலர் அறிவர்.

பெஹர் கூறுவது யாது?

நாம் ஆராய எடுத்துக் கொண்ட பகுதியின் பெயர் பெஹர். தோராவின் மூன்றாம் நூலாகிய லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரமும், 26ஆம் அதிகாரத்தின் முதலிரு வசனங்களும் சேர்ந்தது இது. சீனாய் மலைமேல் மோசேக்கு உரைக்கப்பட்டது என்று தொடங்குவதால் 'மலைமேல்' என்னும் பொருள்படும் அப்பெயர் அமைந்தது. இதன் கட்டளைகளைச் சுருக்கமாக வகுத்துரைப்போம்.

முதலாவது, நிலத்தின் ஓய்வு. ஆறு ஆண்டுகள் விதைக்கலாம், திராட்சைக் கொடிகளைக் கழிக்கலாம், விளைவைச் சேர்க்கலாம். ஏழாம் ஆண்டில் விதைத்தலும் கழித்தலும் கூடா. அவ்வாண்டு தானே முளைத்து விளைவது நிலத்துக்கு உரியவனுக்கும், பணியாளனுக்கும், கூலியாளுக்கும், உடன் தங்கிய அயலானுக்கும், வீட்டு விலங்குக்கும், காட்டு விலங்குக்கும் உணவாகும். இவ்வாண்டுக்கு ஷெமித்தா என்று பெயர். விட்டுவிடுதல் என்பது அதன் பொருள்.

இரண்டாவது, மீட்பின் ஆண்டு. ஏழு ஏழாண்டுகள், அதாவது 49 ஆண்டுகள் கழிந்தபின், 50ஆம் ஆண்டு யோவேல் ஆண்டாகும். பாவமன்னிப்பு நாளில் ஆட்டுக்கொம்பு ஊதி அதனை அறிவிப்பர். வறுமையால் விற்கப்பட்ட நிலம் அவ்வாண்டில் முன்னையோன் குடும்பத்துக்கே திரும்பும். அடிமைப்பட்ட இஸ்ரவேலனும் தன் குடும்பத்தாரிடம் திரும்புவான்.

மூன்றாவது, விலை நேர்மை. யோவேலில் நிலம் திரும்பிவிடும் ஆதலால், விற்பவன் விற்பது நிலத்தையன்று. இடைப்பட்ட ஆண்டுகளின் விளைவையே. ஆண்டுகள் மிகுந்தால் விலை மிகும். குறைந்தால் விலை குறையும். ஓராண்டின் விளைவு பத்துப் பொன் பெறுமெனின், யோவேலுக்கு 30 ஆண்டுகள் இருக்கும்போது விலை முந்நூறு பொன். மூன்றாண்டுகளே இருக்கும்போது முப்பது பொன். நம் ஊர் வழக்கில் கூறினால் இது கிரயமன்று, ஒத்தி போன்றது.

நான்காவது, வறியோர்க்கு உதவி. உடன்பிறந்தான் ஒருவன் வறுமையுற்று நிலத்தை விற்றால், நெருங்கிய உறவினன் அதனை மீட்டுத் தர வேண்டும். கைதளர்ந்தவனைத் தாங்க வேண்டும். அவனிடம் வட்டி வாங்கலாகாது.

இவையனைத்துக்கும் அடிப்படையாக ஒரு காரணம் கூறப்படுகின்றது. நிலம் இறைவனுடையது, மனிதர் அதில் தங்கிச் செல்லும் விருந்தினரும் அயலாரும் போன்றவர், எனவே நிலத்தை என்றைக்குமாக விற்க இயலாது என்பதே அது.

பிரான்சு நாட்டின் துருவா நகரில் வாழ்ந்த புகழ்பெற்ற உரையாசிரியர் ராஷி (1040 - 1105) இப்பகுதியின் முதல் அடியிலேயே ஒரு வினாவை எழுப்புகின்றார். கட்டளைகள் யாவும் சீனாய் மலையில்தானே அருளப்பட்டன. நிலத்தின் ஓய்வைக் கூறுமிடத்து மட்டும் மலையின் பெயரைத் தனித்துச் சுட்டியது ஏன் என்பது அவர் எடுத்துக்காட்டும் பழைய வினா. நில ஓய்வின் பொது விதியும் நுண்விதிகளும் மலையிலேயே கூறப்பட்டவாறு, ஏனைக் கட்டளைகளின் நுண்விதிகளும் அங்கேயே கூறப்பட்டன என்று உணர்த்தவே அங்ஙனம் சுட்டப்பட்டது என்பது அவர் காட்டும் விடை. நாம் இதனின்றும் பெறத்தக்கது ஒன்றுண்டு. உயர்ந்த கொள்கை மலையுச்சியில் நின்றுவிடலாகாது. அது வயல் வரப்பு வரையில், விலை பேசும் சந்தை வரையில் இறங்கி வரவேண்டும். நம் மகாவிரதங்கள் இல்லறத்தார் பொருட்டு அணுவிரதங்களாக இறங்கி வந்ததும் இதற்காகவே.

ஏழாம் ஆண்டில் என்ன உண்போம்?

இக்கட்டளையைக் கேட்ட எவரும் கேட்கும் வினாவை அப்பகுதியே கேட்டு வைத்திருக்கின்றது. விதைக்கவும் அறுக்கவும் கூடாதெனில் ஏழாம் ஆண்டில் உணவுக்கு என் செய்வது? ஆறாம் ஆண்டின் விளைவு மூன்றாண்டுகளுக்குப் போதுமானதாக அமையும் என்பது நூல் தரும் உறுதிமொழி. ஆயினும் நடைமுறை எளிதாக இருக்கவில்லை என்பதை யூதர் வரலாறே உரைக்கின்றது.

உரோமப் பேரரசின் காலத்தில் யூதர் ஏழாம் ஆண்டு ஓய்வைக் கடைப்பிடித்தனர். அவ்வாண்டில் வரி செலுத்துவதினின்றும் ஜூலியஸ் சீசர் அவர்களுக்கு விலக்களித்தார் என யோசேபஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகின்றார். இதனைப் புரிந்து கொள்ளாத உரோம எழுத்தாளர் தாசிதஸ், யூதர் சோம்பலால் ஏழாம் ஆண்டை வீணாக்குவதாகப் பழித்தார்.

உபாகமம் என்னும் ஐந்தாம் நூல், ஏழாம் ஆண்டில் கடன்களையும் விட்டுவிடுமாறு கூறுகின்றது. அவ்வாண்டு நெருங்க நெருங்கச் செல்வர் ஏழைகளுக்குக் கடன் கொடுக்க அஞ்சினர். ஏழைக்கு உதவ வந்த விதி ஏழையையே வருத்துவதாயிற்று. அதனைக் கண்ட ஹில்லேல் என்னும் பேராசான், கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைக்கும் பத்திரமுறை ஒன்றை ஏற்படுத்தினார். அதற்குப் புரோஸ்புல் என்று பெயர்.

பிற்காலத்தில் யூதர் பாலஸ்தீனத்தில் மீண்டும் வேளாண்மை தொடங்கியபோது 1889ஆம் ஆண்டு ஷெமித்தா ஆண்டாக வந்தது. வறிய குடியேறிகள் ஓராண்டு உழவைக் கைவிட்டால் பட்டினியாவர் என்பதால், நிலத்தை யூதரல்லாதார் ஒருவருக்கு விற்பது போன்ற ஏற்பாட்டைச் சில குருமார் அனுமதித்தனர். 1910ஆம் ஆண்டு ஷெமித்தாவிலும் ஆபிரகாம் ஐசக் கூக் என்னும் குரு அதனை ஆதரித்தார். பிறர் இன்றும் அதனை ஏற்பதில்லை. 2021 - 2022ஆம் ஆண்டும் ஷெமித்தா ஆண்டாக அமைந்தது. அடுத்தது 2028 - 2029இல் வரும். யோவேல் ஆண்டோ மிகப் பழங்காலத்திலேயே நடைமுறையில் இல்லாது போயிற்று.

விலக்கு வழி தேடுதல் விதியை ஏமாற்றுவதாகுமா, அல்லது விதியின் உயிரைக் காப்பதாகுமா? இவ்வினா நமக்கும் உரியதே. இரவில் உண்ணாமை நோன்பை ஏற்றவர், மாலை மங்கும் நேரத்தில் அவசரமாக இருமடங்கு உண்பாராயின், நோன்பின் எழுத்து காக்கப்படுகின்றது, கருத்து காக்கப்படுவதில்லை. ஹில்லேல் ஏழையைக் காக்கும் பொருட்டு விதியை வளைத்தார். தன் நாவைக் காக்கும் பொருட்டு வளைப்பது வேறு. எவர் நலன் கருதி வளைக்கப்படுகின்றது என்பதே உரைகல்.

கலப்பைக்கு ஒரு சாதுர்மாசம்

இனி நம் நெறியில் நின்று இதனை நோக்குவோம். ஆதிபகவனாகிய விருஷப தேவர், கற்பக மரங்கள் குன்றிய காலத்தில் மக்களுக்குக் கற்பித்த அறுதொழில்களுள் உழவும் ஒன்றாகும். ஆகவே உழவு இழிதொழிலன்று. ஆயினும் உழுபடை மண்ணைக் கீறும்போது நிலவுயிர்களும், அதனைச் சார்ந்த புழு முதலான இயங்குயிர்களும் துன்புறுகின்றன. வேண்டுமென்றே செய்யும் கொலையை இல்லறத்தான் முற்றும் விலக்க வேண்டும். தொழில் பற்றி நேரும் இம்சையை முற்றும் விலக்க இயலாது. ஆனால் குறைக்க வேண்டும்.

எவ்வாறு குறைப்பது? துறவியர் திறத்தில் நம் மரபு தெளிவான விடை தந்துள்ளது. மழைக்காலத்தில் உயிர்கள் பெருகும் ஆதலின், நான்கு திங்கள் ஓரிடத்திலேயே தங்குகின்றனர். அது சாதுர்மாசம். நடக்கும் அடிகளுக்கு ஓய்வளித்து உயிர்களைக் காப்பது அது. யூதரின் ஏழாம் ஆண்டு, கலப்பைக்கு ஓய்வளிப்பது. ஏழாண்டுகளில் ஓராண்டு உழாதிருப்பின், உழவால் நேரும் இம்சையில் அவ்வாண்டின் பங்கு குறைகின்றது. அது கலப்பைக்கு வாய்த்த ஒரு சாதுர்மாசம் எனலாம்.

இல்லறத்தாருக்குரிய குணவிரதங்களுள் அனர்த்ததண்ட விரதமும் ஒன்று. பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரை வீணாக்குதல், தீ மூட்டுதல், செடி கொடிகளை வெட்டுதல் ஆகியவை அதன்கண் விலக்கப்படுகின்றன. வேளாண்மை பயனுள்ள தொழிலே. ஆனால் தேவைக்கு மேலாக, இடைவெளியின்றி, மண்ணை இளைப்பாற விடாது பயிரிடுவது எவ்வகையைச் சாரும் என்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஈண்டுப் பூண்டி போன்ற மலையூர்களை நினைவிற் கொள்ள வேண்டும். பூண்டையும் கிழங்கையும் எடுக்குங்கால் மண் முழுதும் கிளறப்படுகின்றது. சரிவான நிலத்தில் இளகிய மேல்மண்ணைப் பெருமழை எளிதில் அடித்துச் செல்லும். அதனாலேயே மலைவாழ் உழவர் படிக்கட்டு வயல்களையும் கல் வரப்புகளையும் அமைத்தனர். அங்கு யூதரின் விதியை எழுத்துப்படி கடைப்பிடித்து நிலத்தை வெறுமையாக விட்டால், நன்மைக்கு மாறாகத் தீமையே விளையும். மூடாக்கின்றிக் கிடக்கும் சரிவு மண்ணை இழக்கும். புல்லோ பயறு வகையோ போர்த்தியிருக்கும் சரிவே மண்ணைக் காக்கும். ஆகவே ஓய்வு என்பது கைவிடுதலன்று. காத்தலோடு கூடிய விடுதல். சமவெளியிலுள்ள நம் நிலங்களிலும் தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி ஆகியவற்றை விதைத்து மண்ணுக்கு ஊட்டம் தரும் வழக்கம் முன்பு பரவலாக இருந்தது. அதுவும் ஒருவகை இளைப்பாறலே.

நிலம் எவருடையது?

ஒற்றுமையைக் கண்டோம், வேற்றுமையையும் காண்போம். நிலம் இறைவனுடையது, எனவே உன்னுடையதன்று என்பது தோராவின் வாதம். நம் கொள்கையில் உலகைப் படைத்து உடைமையாகக் கொண்ட கடவுள் இல்லை. உலகம் அநாதி, ஆறு திரவியங்களால் ஆயது. எனவே நிலம் எவருடையதும் அன்று. உயிருக்கு உரிமையாவன அறிவும் காட்சியும் ஆகிய தன் குணங்களே. உடலும் தனதன்று எனில், உடல் நிற்கும் நிலம் எங்ஙனம் தனதாகும்?

மற்றொரு வேறுபாடும் உண்டு. தோராவில் நிலம் ஓய்வு பெறும் உரிமையுடையதாகப் பேசப்படுகின்றது. பெஹரை அடுத்து வரும் பகுதியில், மக்கள் ஓய்வைத் தராது போனால், அவர்கள் நாடு கடத்தப்பட்டபின் நிலம் தனக்குரிய ஓய்வாண்டுகளைத் தானே எடுத்துக் கொள்ளும் என்னும் கருத்து வருகின்றது. நம் நெறி இதனினும் ஒருபடி மேற்செல்கின்றது. நிலம் உயிருக்கு உவமையன்று. நிலத்தை உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்மையாகவே உள்ளன என்று அது கூறுகின்றது. இத்துணை நுட்பமான கொள்கையை உடைய நாம், நிலத்தின்பால் காட்டும் பரிவில் யூதரினும் மேம்பட்டு நிற்க வேண்டாமா?

தொடங்கும் இடம் வேறாயினும் இரு நெறிகளும் வந்து சேரும் இடம் ஒன்றே. அது 'எனது' என்னும் எண்ணத்துக்கு எல்லை கோலுதல். ஐந்தாம் அணுவிரதமாகிய மிகுபொருள் விரும்பாமை அளவு வகுத்துக் கொள்ளச் சொல்கின்றது. நிலமும் வீடும், பொன்னும் வெள்ளியும், கால்நடையும் தானியமும், பணியாட்களும், ஏனைத் தட்டுமுட்டுப் பொருள்களும் ஆகியவற்றுள் ஏற்ற அளவைக் கடத்தல் அதன் அதிசாரம் என்று தத்துவார்த்த சூத்திரம் வகுக்கின்றது. பட்டியலில் நிலமே முதலில் நிற்றல் காண்க. பெஹர் காலத்தால் எல்லை கோலுகின்றது. ஐம்பது ஆண்டுக்கு மேல் உரிமை நில்லாது. நம் விரதம் அளவால் எல்லை கோலுகின்றது. முன்னது சமுதாயச் சட்டம்; பின்னது தானே விரும்பி ஏற்கும் நோன்பு. சட்டத்தை மன்னன் நடத்தாவிடின் அது நின்றுபோகும். யோவேலுக்கு அதுவே நேர்ந்தது. நோன்பு, ஏற்றவர் ஒருவர் உள்ளவரையில் நிற்கும். அதேபொழுது ஏற்பவர் இல்லையெனில் அதுவும் ஏட்டிலேயே கிடக்கும்.

உடன்பட இயலாதன

நமக்கு உடன்பாடல்லாதவற்றையும் மறையாது கூறுதல் முறையாகும். லேவியராகமத்தின் பெரும்பகுதி விலங்குப் பலியைப் பற்றியது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் அப்பலிகள் நின்றன. ஆயினும் கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நமக்கு அவ்விதிகள் ஏற்புடையன அல்ல. பெஹர் பகுதியிலும், இஸ்ரவேலனை நிலையான அடிமையாக வைத்தலாகாது என்று கூறிய நூலே, அயல்நாட்டாரை அடிமைகளாக வாங்கி வழிவழியாக வைத்துக் கொள்ள இடமளிக்கின்றது. விடுதலை என்னும் ஒளி ஓர் எல்லையோடு நின்றுவிட்டது.

ஆனால் பிறரைக் குறை கூறுமுன் நம் ஏட்டையும் புரட்டிப் பார்ப்போம். மேலே கூறிய உடைமைப் பட்டியலில் அடிமைகளும் பொருள்களோடு ஒருங்கு எண்ணப்பட்டுள்ளனர். அவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னதே அன்றி, மனிதரை உடைமையாகக் கருதுவதையே அப்பட்டியல் ஒழிக்கவில்லை. அக்கால வழக்கை ஒட்டி எழுதப்பட்டது அது. எல்லா உயிர்க்கும் உயிர்த்தன்மை ஒன்றே என்னும் நம் அடிப்படைக் கொள்கையே அவ்வழக்கைத் திருத்தும் ஆற்றல் உடையது. இன்று நம் வயலில் உழைப்பவரை, நம் இல்லத்தில் பணி செய்பவரை எங்ஙனம் நடத்துகிறோம் என்பதில் அக்கொள்கை விளங்க வேண்டும்.

விலையும் சொல்லும்

பெஹர் ஒருவரையொருவர் வருத்தாதிருக்குமாறு இருமுறை கூறுகின்றது. ஒன்று விலையில் வஞ்சித்தலைக் குறிக்கும். மற்றொன்று சொல்லால் வருத்துதலைக் குறிக்கும் என்று யூத ஆசான்கள் உரை கண்டனர். வாங்கும் எண்ணமின்றி ஒரு பொருளின் விலையைக் கேட்டு விற்பவனுக்கு வீண் நம்பிக்கை ஊட்டுதல், மனந்திருந்தியவனிடம் அவனது பழைய செயலை நினைவூட்டுதல் ஆகியவற்றை மிஷ்னா என்னும் நூல் சொல்லால் வருத்துதலுக்குச் சான்றாகத் தருகின்றது.

நம் நூல்களும் இதற்கு இணையானவற்றைக் கூறுகின்றன. அளவையிலும் நிறையிலும் கூட்டிக் குறைத்தல், நல்ல பொருளோடு போலியைக் கலந்து விற்றல் ஆகியவை கள்ளாமையின் அதிசாரங்கள். பொய்ப் பத்திரம் எழுதுதல், அடைக்கலமாக வைத்த பொருளை மறைத்தல், மறைவான செய்தியை வெளியிடுதல் ஆகியவை பொய்யாமையின் அதிசாரங்கள். மலையூருக்குச் சுற்றுலாச் செல்வோர் சாலையோரத்தில் பூண்டும் காரட்டும் விற்கும் மூதாட்டியிடம் பொழுது போக்காக விலை கேட்டு நகர்வதும், கூறிய விலையை எள்ளி நகையாடுவதும் நாம் காண்பனவே. அப்பொருளை நாம் உண்ணாதவராயினும், அவளை வருத்தும் உரிமை நமக்கில்லை.

கிரயப் பத்திரமும் கல்வெட்டும்

ஒவ்வொரு வாரப் பகுதிக்கும் இணையாகத் தீர்க்கர் நூல்களிலிருந்து ஒரு பகுதியும் ஓதப்படும். பெஹருக்கு உரியது எரேமியா நூலின் 32ஆம் அதிகாரத்தில் உள்ளது. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்த காலம் அது. எரேமியா காவலில் இருக்கின்றார். அவருடைய தந்தையின் உடன்பிறந்தானுடைய மகன் வந்து, ஆனதோத் ஊரிலுள்ள நிலத்தை மீட்கும் உரிமை உமதே, வாங்கிக் கொள்ளும் என்கின்றான். பகைவர் கையில் விழப்போகும் நிலத்துக்கு எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துத் தருகின்றார். சாட்சிகள் முன்னிலையில் பத்திரம் எழுதி, நெடுங்காலம் கெடாதிருக்க மட்பாண்டத்தில் வைக்கச் செய்கின்றார். இலாபம் கருதி வாங்கியதன்று அது. மக்கள் ஒருநாள் அந்நிலத்துக்குத் திரும்புவர் என்னும் நம்பிக்கையால் வாங்கியது.

இதைப் படிக்கும்போது பழனிக்கு மேற்கே உள்ள ஐவர்மலை நம் நினைவுக்கு வருகின்றது. பழனி மலைத்தொடரின் அடிவாரப் பகுதியில் உள்ள நம் பழம்பெரும் பள்ளி அது. அங்குப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870இல், வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று அங்குள்ளது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய சாந்திவீரக் குரவர், பார்சுவ படாரர் திருவுருவையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, திருவமுதுக்கும் அடிகள் ஒருவரது உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்ததை அது தெரிவிக்கின்றது.

இன்று அம்மலையைச் சுற்றி நம்மவர் குடியிருப்புகள் இல்லை. கொடையும் நின்றது, அவ்வடிகளின் வழியும் நின்றது. எஞ்சியது கல்லெழுத்து ஒன்றே. உடைமை நில்லாது என்பதற்கும், ஈந்த செயல் மட்டுமே பெயரோடு நிற்கும் என்பதற்கும் இதனின் வேறு சான்று வேண்டுவதில்லை.

நமக்கு உரியது

தமிழ்ச் சமணர் நெடுங்காலம் நிலத்தைச் சார்ந்து வாழ்ந்தவர். ஆரணி, வந்தவாசி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் நம் குடும்பங்களுக்கு இன்றும் நிலங்கள் உள்ளன. பிள்ளைகள் கல்வியாலும் பணியாலும் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றுவிட்டனர். நிலம் குத்தகைக்கு விடப்படுகின்றது. அல்லது மனைப்பிரிவாக விற்கப்படுகின்றது. விற்பது தவறென்று நாம் கூறவில்லை. குடும்பத்தின் தேவை அக்குடும்பத்தாரே அறிவர். ஆனால் விற்கும் முன்னரும், வைத்திருக்கும் காலத்தும் வினவ வேண்டியவை சில உள. நிலத்தை விட்டுவிடுதலில் இருவகை உண்டு. பற்றை விடுவது அறம். பொறுப்பை விடுவது அறமன்று. பெஹர் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகின்றது. உரிமையைத் தளர்த்தச் சொல்லும் அப்பகுதியே, உறவினன் இழந்த நிலத்தை மீட்டுத் தரும் பொறுப்பையும் சுமத்துகின்றது.

குடும்பத்தார் ஒருங்கிருந்து சுவாத்தியாயம் செய்யும்பொழுது பின்வரும் வினாக்களை ஆய்வார்களாக.

1. நம் குடும்பத்தின் உடைமைக்கு அளவு வகுத்துள்ளோமா? வகுத்திருப்பின், அவ்வளவு வருவாயோடு வளர்ந்து கொண்டே போகின்றதா?

2. நம் நிலத்தில் ஒரு பகுதியையேனும் ஆண்டுதோறும் மாற்றி மாற்றி இளைப்பாற விட இயலுமா? குத்தகைக்கு விட்டிருப்பின், அதனால் குத்தகைதாரருக்கு நேரும் இழப்பை நாம் பகிர்ந்து கொள்வோமா? அவர் வயிற்றில் அடித்து நாம் நோற்கும் நோன்பு நோன்பாகுமா?

3. நம் சுற்றத்தாருள் கடனால் நிலத்தை இழக்கும் நிலையில் உள்ளவர் எவரேனும் உளரா? வட்டியின்றி உதவ நம்மால் இயலுமா?

4. பூண்டையும் கிழங்கையும் விலக்கும் நம் நோன்பு, அவற்றை விளைவிப்போரை இழிவாக எண்ணும் செருக்காக மாறியதுண்டா?

5. ஒரு விதியின் எழுத்தைக் காத்து அதன் கருத்தை நாம் கைவிட்ட இடங்கள் யாவை?

இவற்றுக்கெல்லாம் ஒரே நாளில் விடை காண வேண்டுவதில்லை. யூதர் வாரத்துக்கு ஒரு பகுதி என வைத்துக் கொண்டது போல, அட்டமி, சதுர்த்தசி நாட்களில் ஒரு வினாவை எடுத்துக் கொள்ளலாம். பெரியோர் விடை கூறுமுன் சிறுவர்களைக் கூற விடுதல் நன்று. வினவுதல் சுவாத்தியாயத்தின் உறுப்பு என்பதை அவர்கள் அங்ஙனமே கற்பர். விடைகளை ஏட்டில் எழுதி வைத்து, தசலட்சண நாட்களில் உத்தம ஆகிஞ்சன்யம் சிந்திக்கப்படும் ஒன்பதாம் நாளில் மீண்டும் எடுத்துப் பார்த்தால், நாம் விட்டது எவ்வளவு, விடாதது எவ்வளவு என்பது தெளிவாகும்.

அறம் வளர்க.